ஐயாலிக் வளைகுடா: அலாஸ்காக் கரையில் ஒரு ஜூலை

ஜூலை 11, வியாழன். ஆங்கரேஜிலிருந்து சூவர்ட்

காலை ஆறே முக்காலுக்கு ரயில். முந்தின இரவு பதினொன்று மணிக்கு மேல்தான் சூரியன் இறங்கியது. விடியலில் ஐந்து மணிக்கு முன்பே ஏறிவிட்டது. நடுவில் இருந்த நேரத்தை இருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. அக்கா விடுதி ஜன்னல் திரையைத் துணிக் கவ்விகளால் இறுக்கி மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். மின்னியாபொலிஸில் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளாக இரவுப் பணி செய்கிற செவிலியர் அவள். பகல் வெளிச்சத்தில் தூங்குவது அவளுக்குப் பழக்கம். எனக்குக் கண் ஒட்டவே இல்லை.

இந்தப் பயணம் அவளுடைய நெடுநாள் ஆசை. "பனியாறு கடலில் வந்து உடைவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் தம்பி, எல்லாம் கரைந்து முடிவதற்குள்" என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்துவிட்டாள். அலாஸ்காவின் தென்கரையில், கீனாய் தீபகற்பத்தில் இருக்கிறது சூவர்ட் என்னும் சின்ன ஊர். கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகும் படகுகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

ரயிலின் வலப்பக்கம் டர்னகெயின் கடற்கழி, இடப்பக்கம் செங்குத்தான பாறை. நீர் வற்றிக் கிடந்த நேரம் அது. சாம்பல் நிறச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளத்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இங்கே 9 மீட்டர் வரை வித்தியாசம் இருக்குமாம். பாறையில் ஓரிடத்தில் டால் ஆடுகள், நல்ல வெள்ளை, குட்டிகளோடு நின்றன. மனிதன் கால் வைக்க முடியாத விளிம்பில் அவை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

ரயிலில் விளக்கம் சொன்னவள் பள்ளி மாணவி. கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து இந்த ரயிலில் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். சீருடை, கழுத்தில் பட்டி, கையில் ஒலிவாங்கி. முதலில் கொஞ்சம் தடுமாறினாள். போர்ட்டேஜ் பக்கம் வந்ததும் குரல் உறுதியாகிவிட்டது. அங்கே சதுப்பில் நூற்றுக்கணக்கான மரங்கள், இலையும் பட்டையும் இல்லாமல், சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. 1964 மார்ச் 27 மாலை வந்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் இந்த நிலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கீழே இறங்கியது. கடல்நீர் வேருக்குள் புகுந்து மரங்களைக் கொன்றது. அதே உப்புதான் அவற்றை இன்றுவரை உளுத்துப் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. "என் பாட்டி அன்றைக்கு ஆங்கரேஜில் சமையலறையில் நின்றிருந்தார். நாலரை நிமிடம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம்" என்றாள். பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. நாலரை நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று எல்லாரும் உள்ளுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பதினொரு மணி வாக்கில் சூவர்ட். மழைத் தூறல், 11 டிகிரி. ஜூலை மாதம் இது!

படகுத்துறைப் பக்கத்து உணவகத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த ஹாலிபட் மீனும் உருளைக்கிழங்கும் 27 டாலர். பரிமாறிய பெண்மணி நாங்கள் இரண்டு தட்டு சொன்னதும் தலையசைத்து, "ஒன்றே இருவருக்குப் போதும். போதாவிட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கூடுதலாக ஒரு காலித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். விற்பவரே வேண்டாம் என்று சொல்லும் ஊர். மீன் வெள்ளை வெளேரென்று, இதழ் இதழாகப் பிரிந்தது. இவ்வளவு மென்மையான மீனை நான் இதுவரை தின்றதில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையோரம் நடந்தோம். ஊரின் முகப்பில் நீளமான புல்வெளி. கூடாரங்களும் வீட்டு வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. 1964க்கு முன்பு அந்த இடத்தில்தான் ரயில் முனையமும் சரக்குத் துறைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் இருந்தன. நிலநடுக்கத்தின்போது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கரை அப்படியே கடலுக்குள் சரிந்தது. தொட்டிகள் தீப்பற்றின. எரிகிற எண்ணெயைச் சுமந்துகொண்டு அலைகள் ஊருக்குள் வந்தன. அதன்பிறகு ஊரார் துறைமுகத்தை வளைகுடாவின் தலைப்பக்கம் மாற்றிக் கட்டினார்கள். சரிந்த கரையில் மறுபடி எதையும் கட்டாமல் விட்டுவிட்டார்கள். என்ன நடந்தது என்பதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நானும் அக்காவும் ராமநாதபுரத்துக்காரர்கள். அதே 1964, டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் போனது. அக்கா பலகையை முழுவதும் படித்து முடித்தாள். "அப்பா சொல்வாரே, அந்த வருஷம்" என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி. பாதி வழி

படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: வெளிக்கடலில் மூன்று மீட்டர் அலை எதிர்பார்க்கப்படுகிறது, ஐயாலிக் வளைகுடாப் பனியாற்றுக்குப் போகும் வழியிலுள்ள முனையைத் தாண்ட முடியாமல் போகலாம், பணம் திரும்ப வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள். ஒருவருக்கு 220 டாலர் கட்டியிருந்தோம். வரிசையிலிருந்து சிலர் விலகினார்கள். நாங்கள் ஏறினோம்.

ரெஸரெக்‌ஷன் வளைகுடாவுக்குள் இருக்கும்வரை தண்ணீர் குளம்தான். துறையை விட்டு வெளியே வந்ததுமே ஒரு கடல் நீர்நாய் மல்லாந்து மிதந்துகொண்டு, எங்களைப் பார்த்தபடி வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது. மற்றக் கடல் பாலூட்டிகளுக்கு இருக்கிற கொழுப்புப் படலம் இதற்குக் கிடையாது. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை ரோமம். அந்த ரோமத்துக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதனால்தான் ஓயாமல் கோதிக்கொண்டே இருக்கிறது. அந்த ரோமத்துக்காகத்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேட்டையாடி, 1911இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தும்போது மிகச் சிலவே மிஞ்சியிருந்தன.

பேர் (Bear) என்னும் பனியாற்றுக்கு நேரே வந்தபோது காற்று மாறியது. அதற்குமேல் படகு ஏறி ஏறி விழுந்தது. முகப்பில் மோதிய நீர் கண்ணாடிமேல் கொட்டியது. மேல்தளத்தில் இருந்தவர்களைக் கீழே வரச் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்குள் உள்ளே பாதிப்பேர் வெளுத்துப் போயிருந்தார்கள். பணியாளர்கள், கல்லூரி வயதுப் பிள்ளைகள், இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து இஞ்சி மிட்டாய் கொடுத்தார்கள். காகிதப் பை கொடுத்தார்கள். நிரம்பிய பையை முகம் சுளிக்காமல் வாங்கிப் போனார்கள். அக்காவும் எழுந்துவிட்டாள். அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் குனிந்து, "கைப்பேசியைப் பார்க்காதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டு போனாள். ஓர் ஒஹையோ முதியவர் அவள் கையை விடவே இல்லை.

ஐயாலிக் முனை கண்ணில் படுகிற தூரத்தில் கேப்டனின் குரல் வந்தது. பெண் குரல், பதற்றமில்லாத குரல். "முனைக்கு அப்பால் இதைவிட மோசமாக இருக்கிறது. நான் திரும்புகிறேன்." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பணம் கட்டி ஏறியிருக்கிற படகைத் திருப்புகிற துணிச்சல் எல்லாருக்கும் வராது.

திரும்பும் வழியில் வளைகுடாவுக்குள் என்ன இருக்கிறதோ அதைக் காட்டினார்கள். ஃபாக்ஸ் தீவு, கிட்டிவேக் பறவைகள் அப்பியிருந்த பாறைச் சுவர், ஸ்ப்ரூஸ் மர உச்சியில் வெண்தலைக் கழுகு. அக்காவுக்குப் பணியாளர்கள் சூடான சாக்லெட் பானம் கொண்டுவந்து கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கரையில், பாதிப் பணம் அல்லது ஞாயிற்றுக்கிழமைப் படகில் இடம் என்றார்கள். இடத்தையே எடுத்துக்கொண்டோம்.

ஜூலை 13, சனி. ஆண்டுப் பலகைகள்

விடாத மழை. ஊரிலிருந்து பஸ்ஸில் எக்ஸிட் பனியாற்றுக்குப் போனோம். இது கடலுக்கு வராத பனியாறு. நடந்தே பக்கத்தில் போகலாம். 1968இல் ஹார்டிங் பனிவெளியை முதல்முறையாகக் குறுக்கே கடந்தவர்கள் இதன் வழியாகத்தான் கீழே இறங்கினார்கள். அந்தப் பனிவெளி ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து வழிகிற பனியாறுகள் நாற்பது அளவில்.

பனியாறு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்பதற்கு வழி நெடுக ஆண்டை மட்டும் எழுதி ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 1815இல் அது இந்தப் பள்ளத்தாக்கில் மிக நீண்டு கிடந்தது. அதற்கப்புறம் பின்வாங்கத் தொடங்கியது. 1917 பலகை அடர்ந்த காட்டுக்குள் நிற்கிறது. 1926, 1951 என்று நடக்க நடக்க மரம் சிறுக்கிறது. முதலில் ஸ்ப்ரூஸ், அப்புறம் காட்டன்வுட், அப்புறம் இடுப்பளவு ஆல்டர்ப் புதர், அப்புறம் ஊதாச் சிவப்பில் ஃபயர்வீட் பூ, கடைசியில் பாசியும் வெறும் பாறையும். பனி விலகிய மண்ணில் உரமே இருக்காது. ஆல்டர் போன்ற செடிகள் வேரில் நைட்ரஜனைச் சேர்த்துவைத்த பிறகுதான் பெரிய மரங்கள் வர முடியும். ஒரு காடு எப்படி உண்டாகிறது என்பதைப் பின்னோக்கி நடந்து பார்க்கிற பாதை இது. தாவரவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாலும் இப்படி மனதில் நிற்காது.

2010 பலகையிடம் ஒரு குடும்பம் நின்றிருந்தது. தகப்பனார் மகளைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். "நீ பிறந்த வருஷம்" என்றார். அந்தப் பெண் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். பனி எங்கே என்று கேட்டாள். அவர் மேலே கையைக் காட்டினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பனியின் விளிம்பு வெகு தூரத்தில், மலைச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வெறும் கல்லும் ஓடையும். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். 2015 செப்டம்பரில் அதிபர் ஒபாமா இதே பாதையில் நடந்து பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினார். அன்றைக்கு இருந்த இடத்திலும் இன்று பனி இல்லை.

பனியாறு மெல்ல உருகுகிறது என்று செய்தியில் படிக்கும்போது மனம் அதை ஒரு புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. இந்தப் பலகைகள் நகரவிடுவதில்லை. ஆண்டைத் தவிர ஒரு வார்த்தை இல்லை, யார்மேலும் பழி இல்லை, இருந்தும் அவற்றைத் தாண்டி நடக்கிற ஒவ்வொருவரும் தன் வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். அக்கா தன்னுடைய ஆண்டுக்கு நேரான இடத்தில் நின்று, "அப்போது இங்கே என் தலைக்கு மேல் பனி" என்றாள்.

மாலையில் ஊர்க்கோடியில் இருக்கும் கடல்வாழ் உயிரினக் காப்பகத்துக்குப் போனோம். அனுமதி முப்பது டாலருக்கு மேல். 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது; அந்த எண்ணெய் நீரோட்டத்தோடு தென்மேற்கே வந்து இந்தக் கரையிலும் படிந்தது. அதற்காக வந்த இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட இடம் இது. தாயைப் பிரிந்த சீல் குட்டிகளை எடுத்துவந்து தேற்றி மறுபடி கடலில் விடுகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பஃபின் பறவைகள் நீருக்குள் சிறகடித்துப் பறந்தன. பறந்தன என்றுதான் சொல்ல வேண்டும். நீந்தியதாகத் தோன்றவே இல்லை.

இரவு சாப்பாடு சுமார். ரொட்டிக் கிண்ணத்தில் ஊற்றிய கடலுணவு சூப் 16 டாலர். அதில் கிழங்குதான் அதிகம்.

ஜூலை 14, ஞாயிறு. ஐயாலிக்

எழுந்ததும் ஜன்னலைத் திறந்தேன். மேகம் மலையின் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. காற்று அசையவில்லை.

அதே கேப்டன். எங்களைப் போலத் திரும்பி வந்தவர்கள் சிலரை அடையாளம் கண்டு, படியில் நின்று கைகுலுக்கினார். ஒஹையோ முதியவரும் வந்திருந்தார், காதுக்குப் பின்னால் ஒரு மருந்துப் பட்டையோடு. படகில் பூங்காவின் ரேஞ்சர் ஒருவர், அகன்ற தொப்பியும் பச்சைச் சீருடையுமாக. அவர்தான் நாள் முழுக்கப் பேசினார். எப்போது பேசக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

படகில் திசை சொல்வதற்குக் கடிகாரம். முகப்பு பன்னிரண்டு மணி, வலக்கை மூன்று மணி, பின்பக்கம் ஆறு. "இரண்டு மணியில் ஓர்கா!" என்று யாரோ கத்த, எல்லாரும் வலப்பக்கம் ஓடினோம். கொலைத் திமிங்கலங்களின் கருந்துடுப்புகள் நீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஆணின் முதுகுத்துடுப்பு ஓர் ஆள் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் குட்டி ஒன்று, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆரஞ்சு வண்ணம் தோய்ந்திருந்தது. இவை சால்மன் தின்னும் குடும்பம் என்றார் ரேஞ்சர். சீல்களையும் போர்பாய்ஸ் என்னும் சிறு கடல் பாலூட்டிகளையும் வேட்டையாடும் வேறொரு கூட்டமும் இந்தக் கடலில் உண்டு. எண்ணெய்க் கசிவுக்கு முன் 22 இருந்தன; இன்று ஏழுதான். 1984க்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டி பிறந்ததாகப் பதிவில்லை. அவர் இதைச் சொன்ன விதத்தில் நாடகம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். எங்கள் முன்னால் ஆரஞ்சுக் குட்டி தாயோடு ஒட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஏழு உயிர்கள், வாரிசு இல்லாமல், இதே நீரில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு நெஞ்சை அடைத்தது.

தளத்தில் மனிதர்கள் நடந்துகொண்ட முறையை எழுதாமல் விட முடியாது. முன்வரிசையில் நின்று பார்த்தவர் தானாகவே பின்னால் நகர்ந்து அடுத்தவருக்குக் கம்பியைக் கொடுத்தார். உயரமானவர்கள் குனிந்துகொண்டார்கள். அக்கா குள்ளம், முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனாள். கேப்டன் படகை மெல்லச் சுழற்றி இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படி செய்தார். திமிங்கலத்திடமிருந்து 100 கஜம் விலகி நிற்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அந்தத் தூரத்தை அவர் குறைக்கவே இல்லை.

ஐயாலிக் முனையை இந்தத் தடவை சுலபமாகத் தாண்டினோம். நீண்ட, சோம்பலான அலைகள் மட்டும். சிஸ்வெல் தீவுகள் கடலிலிருந்து நேரே கிளம்பும் கூர்ப்பாறைகள். ஒரு காலத்தில் மலை உச்சியாக இருந்தவை. பூமி மேலோட்டின் பசிபிக் தட்டு இந்தக் கரையின் அடியில் நுழைந்துகொண்டே போவதால் மலைத்தொடரே கடலுக்குள் இழுபடுகிறது. பனி குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறிவிட்டது. அப்படி உண்டானவைதான் இந்த ஃபியோர்டுகள்.

பாறைமேல் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள். கண்ணில் படுவதற்கு முன் நாற்றம் வந்துவிட்டது, அழுகிய மீன் நாற்றம். ஆண்விலங்கு ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். உறுமல் பாறையில் மோதி எங்கள் நெஞ்சில் அதிர்ந்தது. அலாஸ்காவின் மேற்குப் பகுதியில் இவை 1997லிருந்து அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலில் இருக்கின்றன. அந்த மாதம் பிறந்த கருங்குட்டிகள் தாய்களுக்கிடையில் நசுங்காமல் ஊர்ந்துகொண்டிருந்தன. மேலே பஃபின்கள் இரண்டு வகை: கண்ணுக்குமேல் சிறு கொம்பு வைத்தது ஒன்று, பின்தலையில் மஞ்சள் குடுமி வைத்தது ஒன்று. குளிர்காலத்தில் அந்த வண்ண அலகின் மேலோடு உதிர்ந்துவிடுமாம். அப்போதெல்லாம் கரைக்கே வராமல் நடுக்கடலில் கிடக்கும்.

மதியச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி. குளிர்ந்த கோழி ரோல், உப்பு பிஸ்கட், ஓர் ஆப்பிள். சுவையில் சொல்ல ஒன்றுமில்லை. காப்பி மட்டும் சூடாக, எவ்வளவு வேண்டுமானாலும். தளத்தில் அப்போது 9 டிகிரி. காப்பிக் கோப்பையைக் குடிப்பதற்கு அல்ல, பிடித்துக்கொண்டு நிற்பதற்கே வாங்கினேன்.

ஐயாலிக் வளைகுடாவுக்குள் வடக்கே போகப் போக நீர் நிறம் மாறியது. பாறையைப் பனி அரைத்த மாவு கரைந்து, அரிசி களைந்த தண்ணீரில் பச்சையும் நீலமும் கலந்தது போல ஆகிவிட்டது. மிதக்கும் பனிக்கட்டிகள் படகின் அடியில் உரசின. கட்டிகளின்மேல் சீல்கள், குட்டிகளோடு. இங்கே குட்டி போடுவதற்கு அவை வருவது இந்தப் பனி மெத்தைக்காகத்தான். வேட்டையாடும் ஓர்காக்கள் பனிக்கட்டிகளுக்கு நடுவே எளிதாக வருவதில்லை. கேப்டன் வேகத்தை நடை வேகத்துக்கும் குறைத்தார். ஒரு சீல்கூட நீருக்குள் குதிக்கவில்லை.

பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

எதிரே பனியாறு. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலச் சுவர். மலை இடுக்கில் மேலே மேலே மடிந்து மேகத்துக்குள் போகிறது. வெள்ளை என்று நினைத்திருந்தேன். நீலம். அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் நசுங்கிப் போன பழம்பனி வெளிச்சத்தின் சிவப்பை உறிஞ்சிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விரிசல்களுக்குள் அந்த நீலம் ஆழமாக இருந்தது; எந்தச் சாயத்திலும் நான் பார்க்காத நீலம்.

எஞ்சின் நின்ற பிறகுதான் கேட்டது: சுற்றிலும் படபடவென்று மெல்லிய சத்தம். மிதக்கும் பனிக்கட்டிகள் உருகும்போது உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்று வெடித்து வெளியேறுகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நின்ற தளத்தில் யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சில பேர் உள்ளே போய்விட்டார்கள். அக்கா அசையவில்லை. திடீரென்று சுவரின் இடது பக்கத்தில் ஒரு தூண் சத்தமில்லாமல் சாய்ந்தது. நீர் எழும்பியது. அதற்குப் பிறகுதான் இடி வந்தது. அரை கிலோமீட்டரைத் தாண்டி ஒலி வந்துசேர ஒன்றரை நொடி ஆகிறது. மலைகளில் மோதி மறுபடி வந்தது. கேப்டன் படகின் முகப்பை அலைக்கு நேராகத் திருப்பினார். சீல்கள் தங்கள் பனிக்கட்டிகளோடு ஏறி இறங்கின. ஒஹையோ முதியவர் அழுதுகொண்டிருந்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடலுக்கு வரும் பனியாறு உடைவது இயற்கைதான். மேலே பனி சேர்ந்தால் கீழே உடைந்துதான் ஆக வேண்டும். ரேஞ்சர் அதை அழுத்திச் சொன்னார். கவலைப்பட வேண்டியது மேலே சேர்வதைவிட அதிகமாகக் கீழே போவதைப் பற்றித்தான் என்றார். திரும்பும்போது பேர் பனியாற்றைக் காட்டினார். பழைய வரைபடத்தில் பனி கிடந்த இடத்தில் இப்போது பெரிய ஏரி. அதில் வீடு அளவு பனிக்கட்டிகள் மிதக்கின்றன. வரைபடத்தைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினார். ஒவ்வொருவரும் அதையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இழந்ததை ஒளிப்பதில்லை. வந்தவருக்குப் பலகையிலோ வரைபடத்திலோ காட்டிவிடுகிறார்கள். எங்கள் கரையிலும் பவளப்பாறை இருந்த இடம், சங்கு எடுத்த இடம், கடல் விழுங்கிய தெரு என்று ஆண்டெழுதிப் பலகை நட்டால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்! நட வேண்டும் என்று விரும்புகிறேன்.

துறைமுகத்தில் மீன் அறுக்கும் மேசைகள். வாடகைப் படகில் போய்ப் பிடித்தவர்கள் ஹாலிபட்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டுப் படம் எடுக்க, பையன்கள் மின்னல் வேகத்தில் துண்டம் போட்டார்கள். அக்கா கத்தி போகிற விதத்தை ரசித்துக்கொண்டே நின்றாள். மீன்காரர் ஒருவர், "சமைக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டு, இரண்டு துண்டு ராக்ஃபிஷ் சுற்றிக் கொடுத்தார். விடுதி அடுப்பில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் உப்பும் தடவி வறுத்தாள். சூவர்டில் தின்றதில் அதுதான் முதலிடம். ஹாலிபட் இரண்டாவதுதான்.

ஜூலை 15, திங்கள்

மாலை ஆறு மணிக்கு ரயில். பகல் முழுக்க மறுபடி மழை, படகுகள் புறப்படவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பனியாற்றுக்கென்று ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்காதீர்கள். கையில் கூடுதலாக ஒரு நாளாவது இருக்கட்டும். ஜூலையிலும் கம்பளித் தொப்பி, கையுறை, மழைக்கோட்டு மூன்றும் தேவை. ஊர்க் கடையில் கையுறை 25 டாலர். அலை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருந்தைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட வேண்டாம், வெளித்தளத்தில் நில்லுங்கள். குழந்தைகளை அழைத்துவாருங்கள்.

அக்கா ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தாள். ஐயாலிக்குக்கு அடுத்த வளைகுடாவில் நார்த்வெஸ்டர்ன் ஃபியோர்ட் இருக்கிறது. அங்கே போய்வர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்ட்டேஜ் மரங்கள் வருவதற்குள் அடுத்த ஜூலைக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு, "உன் தேதியையும் இப்போதே சொல்" என்றாள்.